கறுப்புப் பந்தும் சட்டைக் கையும்

முதலமடையில் மாரீஸ்வரி மாந்தோப்பு வாங்கிவிட்டாள் என்று பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் பேசிக்கொண்டார்கள். வெறும் தோப்பு இல்லை. கம்பி வேலி, போர்வெல், காவல்காரன் குடிசை எல்லாம் சேர்த்து. மரம் என்ன ரகம் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. பங்கனப்பள்ளி என்றது டீக்கடை. அல்போன்சா என்றது உரக்கடை. தோப்பு எப்படிக் கைக்கு வந்தது என்பதில் இரண்டு கடைக்கும் சண்டையே இல்லை. மாநில ஸ்னூக்கர் போட்டியின் அரையிறுதியை அந்தப் பெண் விற்றுவிட்டாள்.

ஸ்னூக்கர் என்றால் என்ன என்று அந்த டீக்கடையில் ஒருவருக்கும் தெரியாது. விற்பது என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு வதந்தி நடமாட இவ்வளவு போதும்.

மாரீஸ்வரியைச் சித்தூர்க்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். முப்பதை நெருங்குகிற, குறைவாகப் பேசுகிற பெண். காலையில் பெண்கள் விடுதியிலிருந்து நடந்து வந்து, உரக்கடை மாடியில் இருக்கிற ஹாலைத் திறப்பாள். மூன்று பூல் மேசை, ஒரு பெரிய ஸ்னூக்கர் மேசை. துணியைத் தட்டுவாள், புதிதாக வருகிறவர்களுக்குக் கோலை எப்படிப் பிடிப்பது என்று காட்டுவாள், கூட்டம் இல்லாத மத்தியானத்தில் தனியாக ஆடுவாள். போட்டி வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். கோப்பைகள் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. பூலில் இரண்டு தடவை மாநில அளவில் ஜெயித்திருக்கிறாள். ஸ்னூக்கரில் கேரள அணிச் சட்டையை மட்டும் இன்றுவரை போட்டதில்லை. ஒவ்வொரு வருஷமும் வாசல்வரை போய்த் திரும்பி வந்திருக்கிறாள்.

ஹாலின் முதலாளி குப்பண்ணன் அசல் மாங்காய் வியாபாரி. அவர் இவளைக் கண்டுபிடித்தது இடுக்கி மலையில், சாந்தன்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் கிளப்பில். சீசன் முடிந்து கூட்டாளிகளோடு குளிர் வாங்கப் போன இடத்தில், கிளப் பங்களாவைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பழைய மேசை ஒன்று கிடந்தது. ஆட ஆள் இல்லாத விருந்தாளிக்குத் துணையாக ஆட, கிளப் பெருக்குகிற சுருளியம்மாளின் மகளை அனுப்புவது அங்கே வழக்கம். மார்க்கர் நல்லமுத்துவுக்கு, அதாவது பாயின்ட் கணக்கு வைக்கிற ஆளுக்கு, முழங்கால் வலி. அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார். குப்பண்ணன் சோறு ஆறும்வரை தோற்றார். ஆறிய பிறகும் தோற்றார். காலையில் சுருளியம்மாளிடம் போய், "ஏனுங்கம்மா, இந்தப் புள்ளய என்ற ஊருக்கு அனுப்புங்க, நல்ல டேபிளும் சம்பளமும் குடுக்கறனுங்" என்றிருக்கிறார்.

"டேபிள வச்சு நாங்க என்னய்யா செய்ய? சம்பளத்தச் சொல்லுங்க" என்றாளாம் சுருளியம்மாள்.

இனி விற்பனை நடந்ததாகச் சொல்லப்படுகிற அந்த அரையிறுதி. மாசி மாதம், பாலக்காட்டில் ஒரு ஹோட்டல் ஹால். எதிரில் நிமி, பாலக்காட்டுப் பெண், வயதில் இளையவள், ஆட்டத்தில் சமம். கடைசிச் சுற்று, அவர்கள் பாஷையில் ஃப்ரேம். மேசையில் கறுப்புப் பந்து ஒன்றுதான் மிச்சம். மாரீஸ்வரி நாலு பாயின்ட் முன்னால். கறுப்பைக் குழியில் போட்டால் இறுதிப் போட்டி. மாறாக யாராவது தப்புச் செய்தால் எதிராளிக்கு ஏழு பாயின்ட், ஆட்டமும் அத்தோடு முடிந்தது. அவள் குனிந்தாள். கோலைப் பின்னால் இழுத்தாள். அப்படியே நிமிர்ந்து நின்றாள்.

"பட்டுருச்சு" என்றாள்.

நடுவர் சரியாகக் காதில் வாங்கவில்லை. என்ன என்று கேட்டார்.

"சட்டக்கை பிளாக்ல பட்டுருச்சு, சார்."

உடையோ உடம்போ பந்தில் படக் கூடாது என்பது விதி. பட்டால் நடுவர் பார்க்காவிட்டாலும் ஆடுகிறவரே சொல்லிவிட வேண்டும் என்பது அந்த விளையாட்டின் மரியாதை. நடுவர் பார்க்கவில்லை. நிமி பார்க்கவில்லை. ஆனால் ஆடியவளே சொல்லிவிட்டாள். ஏழு பாயின்ட் நிமிக்குப் போனது. கைதட்டலும் போனது.

இதுதான் முதலமடை வியாபாரிகளுக்குச் செரிக்கவில்லை. பெட்டிக்கு அடியில் கிடக்கும் அழுகல் மாங்காயை, வாங்குகிறவன் பார்க்காதபோது, விற்கிறவனே எடுத்துக் காட்டுவானா? காட்டினால் அவன் வேறெங்கோ காசு பார்த்துவிட்டான் என்று அர்த்தம். தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. தோப்பைத்தான் காணோம்.

நான் அந்த ஹாலுக்கு வந்துபோகிறவன், அரையிறுதியையும் நேரில் பார்த்தவன்; அதனால் தேடித்தான் பார்த்தேன். முதலமடையில் விசாரித்தால் கொல்லங்கோட்டில் கேட்கச் சொன்னார்கள். கொல்லங்கோட்டில் ஒருவர், தான் தோப்பு என்று சொல்லவில்லை, ஒரு லோடு மாம்பழம் என்றுதான் சொன்னேன் என்றார். அவருக்குச் சொன்னவர் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் சர்பத் போடுகிறவர். தன் கண்ணால் பார்த்தது ஒரு பெட்டி என்று அவர் சத்தியம் செய்தார். குப்பண்ணனைக் கேட்டேன். தோற்று வந்தவள் அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் அம்மாவைப் பார்க்க மலைக்குக் கிளம்பியபோது வெறுங்கையோடு போக வேண்டாமே என்று ஒரு கூடை பழம் கொடுத்து பஸ் ஏற்றினாராம். "கூடைங்க. அதுவும் பாதி அடிபட்ட பழமுங்க" என்றார். ஆக, கூடை சித்தூரில் பெட்டியாகி, கொல்லங்கோட்டில் லோடாகி, முதலமடை போய் வேர் விட்டிருக்கிறது.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மாநில ஸ்னூக்கர் சங்கத்தின் காதிலும் தோப்பு விழுந்துவிட்டது. மாநில அணியில் சாம்பியனுக்கு ஓர் இடம். இன்னொரு இடத்துக்குப் பங்குனியில் தேர்வு ஆட்டம், சித்தூரில், குப்பண்ணனின் ஹாலிலேயே. இறுதியில் தோற்ற நிமியும் மாரீஸ்வரியும் மோத வேண்டும். இதற்கு நடுவில் சங்கத்துப் பொறுப்பாளர் ஒருவர் போன் செய்து, மாரீஸ்வரியை ஆடவிடுவதா என்று கமிட்டி யோசிக்கிறது, தெளிவு வேண்டும் என்றார். தெளிவு என்ற சொல்லை அவர் பலமுறை சொன்னாராம். குப்பண்ணன் தெளிவுக்காக ஹோட்டல்காரர்கள் போனில் எடுத்துவைத்திருந்த வீடியோவை வாங்கி அனுப்பினார். கமிட்டி சட்டைக் கையைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை; விற்றவள் முகம் இப்படி இருக்காது என்று மட்டும் பார்த்தது. தோப்புக் குற்றம் தள்ளுபடி ஆனது. ஆடலாம் என்று பதில் வந்தது.

அந்த வீடியோவை மாரீஸ்வரியும் பார்த்தாள். அவளுடைய கஷ்டம் அங்கேதான் ஆரம்பம்.

சட்டைக் கைக்கும் கறுப்புப் பந்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. நிறுத்திப் பார்த்தாலும், பெரிதாக்கிப் பார்த்தாலும், அதே இரண்டு விரல். படவே இல்லை.

"பட்டுச்சு சார். எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு" என்றாள் என்னிடம். போன் திரையைக் காட்டினேன். திரையைப் பார்த்தாள், தன் முழங்கையைப் பார்த்தாள். "அப்ப எனக்குத் தெரிஞ்சது என்னது?"

அன்றிலிருந்து மேசைமேல் குனியும்போதெல்லாம் அவளுக்கு ஏதோ பட்டது. முதலில் சட்டைக் கையை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினாள். பிறகு ஊசி குத்தினாள். பிறகு தையல்காரரிடம் கொடுத்து, ரத்தம் ஓடுமா என்று அவரே சந்தேகப்படுகிற அளவுக்குப் பிடித்துத் தைத்து வாங்கினாள். அதற்குப் பிறகும் பட்டது. ஹாலில் பூல் ஆட வந்த கல்லூரிப் பையன்களை நிறுத்தி, பட்டதா பாருங்கள் என்று கேட்டாள். இல்லை என்றார்கள். இல்லை என்றால் நம்பவில்லை. ஒருவன் அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து ஆமாம் என்றுவிட்டான். அன்று மத்தியானம் ஹாலைச் சீக்கிரம் சாத்திவிட்டு விடுதிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். டம்ளர் டம்ளரில் உரசினால் கையை இழுத்துக்கொள்கிறாள் என்றும், பஸ்ஸில் பக்கத்து ஆள் இடித்தால் மன்னிப்புக் கேட்கிறாள் என்றும் குப்பண்ணன் கவலைப்பட்டார். "பேய் கீய் புடிச்சிருக்குமுங்களா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். பேய் ஸ்னூக்கர் விதி படித்திருக்காது என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

தோப்பைத் தேடிய காலோடு மலைக்கும் போய்விட்டு வந்தேன். சித்தூரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு, அங்கிருந்து பூப்பாறை என்று பஸ் மாறி மாறி. கிளப் அப்படியே இருந்தது. மஞ்சு, அதாவது பனிமூட்டம், இறங்கினால் மேசைத் துணி ஈரமாகிவிடும். ஆட்டத்துக்கு முன் சுருளியம்மாள் அதை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைக்கிறாள். மேசைமேல் தொங்குகிற பல்பு, இருட்டைக் கொஞ்சம் மஞ்சளாக்குவதோடு சரி. அன்று ஆடியது எஸ்டேட் கணக்கப்பிள்ளையும் ஒரு ஜீப் டிரைவரும். இரண்டு பேருமே தடித்த ஸ்வெட்டர். குனிகிற போதெல்லாம் தொளதொளவென்று கை பந்தில் உரசும். உரசினவர் உரசினதும் தாமே "பட்டுருச்சு" என்று முனகிவிட்டு விலகிக்கொள்வார். நல்லமுத்து தலையைத் தூக்காமலே பாயின்ட் பலகையில் முள்ளை நகர்த்துவார். அந்த வெளிச்சத்தில் அவர் எழுந்து வந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. எனவே அங்கே இது மரியாதை கிரியாதை எல்லாம் இல்லை. இருமல், தும்மல் மாதிரி. குளிரில் கை சிலிர்த்தாலே வாயில் அந்தச் சொல் வந்துவிடுகிறது. ஒரு தடவை ஜீப் டிரைவர், பக்கத்தில் பந்தே இல்லாத இடத்தில் குனிந்து "பட்டுருச்சு" என்றார். கணக்கப்பிள்ளை சிரிக்கக்கூட இல்லை.

பாலக்காட்டு ஹோட்டல் ஹாலில் அன்று ஏசி பல் கிட்டுகிற அளவுக்கு ஓடியது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே சாந்தன்பாறை. மாரீஸ்வரியின் கை சிலிர்த்திருக்கிறது. போட்டிராத ஸ்வெட்டர் பட்டிருக்கிறது.

திரும்பி வந்து இதை அவளிடம் சொன்னேன். ஒரு பெரிய முடிச்சை அவிழ்த்த பெருமை எனக்கு இருந்தது, மறைப்பானேன். அவள் கேட்டுக்கொண்டே கோல் முனையில் சாக்கட்டி தேய்த்தாள்.

"சரி சார். பொய்யாப் பட்டா அது ஸ்வெட்டரு. நெசமாப் பட்டா?"

"நிஜமாகப் பட்டால் சொல்லிவிட வேண்டியதுதான்."

"ரெண்டும் எனக்கு ஒண்ணு மாதிரிதான சார் இருக்கு."

இப்படியாக, அதுவரை எல்லாவற்றுக்கும் பயந்த பெண், என் உபயத்தில், எதற்குப் பயப்படுவது என்றும் தெரியாமல் பயந்தாள். பட்டது என்று தப்பாகச் சொன்னால் அணியில் இடம் போகும். பட்டதைச் சொல்லாமல் விட்டால், இடம் கிடைத்தாலும், அது தோப்பு வாங்கின மாதிரிதான். அவளுக்கு ஒரே வழிதான் தோன்றியது. தேர்வு ஆட்டத்தன்று ஏசி போடக் கூடாது. குளிர் இல்லையென்றால் ஸ்வெட்டரும் இல்லை. குப்பண்ணன் உடனே ஒப்புக்கொண்டார்; கரண்டு மிச்சம் என்று வாய் தவறியும் சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. உரக்கடை மாடியில் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தோம். பார்வையாளர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். நிமி முகத்தைத் துடைத்துத் துடைத்து ஆடினாள். மாரீஸ்வரியின் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. அவளோ வாரக் கணக்கில் காணாத நிம்மதியோடு ஆடினாள். ஒரு தடவைகூடக் கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளுக்கு இரண்டு ஃப்ரேம் ஆனது.

கடைசி ஃப்ரேமுக்கு முன்னால் சங்கத்துப் பொறுப்பாளர் கோட்டைக் கழற்றாமலே எழுந்தார். மாநிலத் தேர்வு நடத்துகிற இடமா இது, ஏசி என்ன அலங்காரத்துக்கா என்று கேட்டார். குப்பண்ணன் ரிப்பேர் என்றார். பொறுப்பாளர் ரிமோட்டை எடுத்து அமுக்கினார். ரிப்பேர் ஆன ஏசி ஜம்மென்று ஓடத் தொடங்கியது.

மாரீஸ்வரி தலையைத் தூக்கி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பாம்பைப் பார்க்கிற மாதிரி.

ஆட்டம் இழுத்தது. ஹால் குளிர்ந்தது. அவள் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நிமிர்ந்து, முழங்கையைத் தடவி, மறுபடி குனிந்தாள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் பிங்க்கும் கறுப்பும் மட்டும் மிஞ்சின. நிமி கொஞ்சம் முன்னால். முறை மாரீஸ்வரிக்கு. பிங்க்கைப் போட்டு, கறுப்பையும் போட்டால் அணியில் இடம் அவளுக்கு. ஆனால் பிங்க்கை அடிக்க, கறுப்புக்கு மேலாகக் கையை நீட்டித்தான் குனிய வேண்டும்.

குப்பண்ணனுக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. ரிமோட்டை எடுத்துக்கொண்டு, குளிரைக் குறைக்கலாம் என்று பூனை மாதிரி எழுந்து வந்தார்.

அவள் குனிந்தாள். கறுப்புக்கு மேலே கை போனது. கோல் ஒரு தடவை முன்னும் பின்னும் போய்வந்தது. நின்றது. அவள் நிமிர்ந்தாள். வாய் திறந்தது.

அவள் கையைப் பார்த்தாள். கறுப்பைப் பார்த்தாள். அது இருந்த இடத்தில் இருந்தது. நாற்காலியில் இருந்த நிமியைப் பார்த்தாள். நடுவரைப் பார்த்தாள், அவர் காத்திருந்தார்.

வாய் மூடிக்கொண்டது. குனிந்து அடித்தாள். பிங்க் விழுந்தது. நேரே போய்க் கறுப்பையும் அடித்தாள். அதுவும் விழுந்தது.

கைதட்டினார்கள். குப்பண்ணன் ரிமோட்டோடு சேர்த்துக் கும்பிட்டார். பொறுப்பாளர் கைகொடுத்துவிட்டு, சட்டை அளவைக் கேட்டு எழுதிக்கொண்டார். மாரீஸ்வரி இரண்டு அளவு பெரிதாகச் சொன்னாள். பிறகு ஓடிப்போய், சின்னதாகவே போடுங்கள், கை பிடிப்பாக இருக்கட்டும் என்று திருத்தினாள்.

கூட்டம் கலைவதற்குள் அவள் போய் நின்றது அன்றைய ஆட்டத்தை வீடியோ எடுத்த போனுக்கு முன்னால். தள்ளிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்தினாள். திரை முழுக்கக் கட்டம் போட்ட ஒரு சட்டை. குப்பண்ணனின் முதுகு. அவளுக்காகக் குளிரைக் குறைக்க எழுந்து வந்தவர், சரியாக அந்த நேரத்தில், கேமராவை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"என்ற தப்புங்க கண்ணு" என்றார் அவர். அவள் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த நிமியைத் துரத்திப் பிடித்தாள். நிமி சிரித்துக்கொண்டு, வாழ்த்துச் சொல்லிக் கட்டிப்பிடிக்க வந்தாள். இவள் ஓர் அடி விலகினாள்.

"நிமி, பிங்க் அடிக்கையில என் கை பிளாக்ல பட்டுச்சா?"

"சேச்சிக்குப் பட்ட மாதிரி இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஆனா அன்னிக்கும் இருந்துச்சு. நீ நேரா எதுர்ல இருந்த. நீ பாத்திருப்ப."

"நான் கைய எவிடே பாத்தேன் சேச்சி? உங்க வாயத்தான் பாத்துட்டிருந்தேன். இப்பச் சொல்லுவீங்க, இப்பச் சொல்லுவீங்கன்னு."

படிக்கட்டிலேயே நின்று இரண்டு பேரும் கணக்குப் போட்டார்கள். அன்று படாததைப் பட்டது என்று சொன்னதால் நிமிக்குச் சும்மா ஏழு பாயின்ட் போனது. இன்று பட்டிருந்தால் நிமிக்கு வர வேண்டிய ஏழு வரவில்லை. அப்படியானால் நேர். "தீர்ந்தில்லே சேச்சி?" என்றாள் நிமி. மாரீஸ்வரி தீரவில்லை என்றாள். இன்று பட்டிருந்தால்தானே நேர். படாவிட்டால் நிமிதான் இன்னும் ஏழு பாக்கி. பட்டிருந்தாலும் அன்றைய ஏழு, தானே வாய் தவறிக் கொடுத்தது. இன்றைய ஏழு, வாயை மூடி எடுத்தது. இரண்டும் எப்படி ஒன்றாகும்? நிமிக்குத் தலை சுற்றியது. கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். தேசியப் போட்டி முடிந்து வாருங்கள், நான் மலைக்கு வருகிறேன், உங்கள் ஊர் மேசையில் ஒரு ஃப்ரேம், எனக்கு ஏழு பாயின்ட் முன்கூட்டியே வைத்து ஆரம்பிப்போம், ஸ்வெட்டரும் போட்டுக்கொள்வோம்.

தேசியப் போட்டியில் மாரீஸ்வரி இரண்டாவது சுற்றுவரை போனாள். அங்கே எத்தனை தடவை கையைத் தடவினாள் என்று நான் கேட்கவில்லை. சித்தூரில் இப்போது பேச்சு வேறு. தேர்வு ஆட்டத்தை நிமி விற்றுவிட்டாளாம். நெல்லியாம்பதிப் பக்கம் காப்பித் தோட்டமாம். அதை வேறு யாராவது போய்த் தேடட்டும்.

ஊருக்குப் போன மாரீஸ்வரி கிளப்பில் செய்த முதல் காரியம், நல்லமுத்துவின் பலகையில் ஒரு பக்கத்து முள்ளை ஏழில் கொண்டுபோய் வைத்தது. யாரும் நகர்த்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஆடுகிறவர்கள் மற்ற பக்கத்து முள் ஒன்றை வைத்துக்கொண்டே இரண்டு பேர் கணக்கையும் சமாளிக்கிறார்கள்; நல்லமுத்து தினமும் முணுமுணுக்கிறார். மஞ்சு காலம் தொடங்கிவிட்டது, ஈரத்தில் முள் இறுகிக்கொண்டு வருகிறது. நிமி அடுத்த வாரம் வருகிறேன் என்று போனில் சொல்கிறாள். போன மாதமும் அடுத்த வாரம் என்றுதான் சொன்னாள்.